நூற்று நாற்பது மீட்டர்

சித்தப்பாவை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். தொலைபேசி இலாகாவில் முப்பத்தாறு வருடம் லைன்மேன். ஆள் உயரம் குறைவு. வேலைக்குச் சேரும்போது அளவெடுத்தவர் இரண்டு விரல் குறைகிறது என்று தலையை ஆட்டியிருக்கிறார்.

"ஏறத்தான் கம்பம் இருக்கே சார், அப்புறம் உயரம் எதுக்கு?" என்றாராம் சித்தப்பா.

அளவெடுத்தவர் சிரித்துவிட்டு இரண்டு விரலைக் கூட்டி எழுதிக்கொண்டார். இது சித்தப்பா சொல்லி எங்களுக்குத் தெரிந்த கதை. சித்தி இதை முழுக்க நம்பினாள். "அந்த ரெண்டு விரலைக் கூட்டித்தான் எங்க அப்பாகிட்டயும் பொண்ணு கேட்டாங்க" என்பாள். சித்தி அவரைவிட நான்கு விரல் உயரம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூட மைதானம். மைதானத்தைச் சுற்றி நடந்தால் எட்டு நிமிடம். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி நூற்று நாற்பது மீட்டர். அந்தக் கணக்கு சித்தப்பாவுடையது. கம்பிச் சுருளை விரித்து அளந்தது.

அப்போது எனக்கு ஆறு வயது. வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று எழுதிப் போட்டால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற காலத்தில் வரும். சித்தப்பா இலாகா கழித்துப் போட்ட இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் கைப்பிடி. இங்கே சுற்றினால் அங்கே மணி அடிக்கும். எண் கிடையாது, நடுவில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடக் காவல்காரரைச் சிநேகம் பிடித்து, மைதானத்து மதில் மேலும் இரண்டு மரங்கள் வழியாகவும் கம்பியை இழுத்தார். ஒரு சுற்று என்றால் சும்மா. இரண்டு சுற்று என்றால் எதையாவது கொடுத்தனுப்பு. மூன்று சுற்று என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவா.

அம்மாவும் சித்தியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"காலையிலதானே நேர்ல பாத்துக்கிட்டீங்க?"

"பாக்கறது வேற, பேசறது வேற" என்பாள் அம்மா.

மூன்று வருடம் இப்படி நடந்தது. பிறகு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று சேதி வந்தது. இலாகாக் கம்பி சொந்த வீட்டில் தொங்குவது தெரிந்தால் வேலை போய்விடும். சித்தப்பாவே மதில் மேல் ஏறி அறுத்தார். நான் கீழே நின்று பார்த்தேன். கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். சித்தி அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. என் அம்மா பத்து நாள் பேசவில்லை. அந்த அதிகாரி கடைசியில் வரவே இல்லை.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் மாடிக்குப் போனார்கள். மாலையில் துணி எடுக்கிற நேரம் இந்த மாடியிலிருந்து ஒருத்தி, அந்த மாடியிலிருந்து ஒருத்தி. நடுவே மைதானத்தில் பந்தாடும் பிள்ளைகள். கத்திப் பேசினார்கள், கத்த முடியாததைக் கையால் பேசினார்கள். கன்னத்தில் கை வைத்தால் பல்வலி. தலைக்கு மேல் கையைச் சுற்றினால் வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார். பிள்ளைகள் இதைப் பார்த்துப் பழகி வகுப்பிலும் செய்தார்கள் என்று ஒரு புகார்கூட வந்தது.

நான் படித்து, விடுதியில் இருந்து, வேலைக்குப் போய், தூரத்து நகரத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டில் சேர்ந்தேன். அப்பா போனார். அம்மா தனியாக இருந்தாள். எழுபத்து மூன்றாவது வயதில் அடுக்களை வாசலில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நான்கு கால் வைத்த நடைச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலி வரை போகிறாள் என்ற அளவில் இருந்தாள். மாடி அவளுக்கு முடிந்துபோயிற்று.

நான் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"விழுந்தா யாருக்குத் தெரியும் சித்தப்பா? உங்களுக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும். அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க, ஒரு மாசம் பாக்கலாம். இல்லேன்னா என்கூட வந்துரட்டும்."

"வந்துரட்டும்னா? அண்ணி என்ன பார்சலா?"

"நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீ எங்கடா பாப்ப? நீ ஆபீசைப் பாப்ப. அண்ணி சுவத்தைப் பாப்பாங்க."

அவர் சொன்னது நியாயந்தான். அம்மா முன்பு ஒருமுறை என் வீட்டில் பதினோரு நாள் இருந்தாள். பகலில் லிப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தால் யாராவது வருவார்கள் அல்லவா. திரும்பிப் போகும்போது சொன்னாள்: "உன் ஜன்னல்ல வானந்தான்டா தெரியுது. ஒரு ஆள் தெரியல."

இருந்தாலும் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு மாதம் என்று தேதி வைத்தேன்.

சிக்கல் இதுதான். சித்தப்பா வீட்டில் நல்ல இணையத் தொடர்பு இருந்தது. அம்மா தெருவுக்குக் கேபிள் வரவில்லை. கைபேசியை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டால்தான் அங்கே சிக்னல் இரண்டு கட்டை காட்டும். மைதானத்தின் மேல் மறுபடி கம்பி இழுக்கலாம் என்று சித்தப்பா போய்க் கேட்டார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அனுமதி தரவில்லை. பழைய காவல்காரர் எப்போதோ போய்விட்டார்.

கடைக்காரர்தான் அந்த இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒரு சாண் நீளம், வெள்ளை நிறம். ஒன்றை இந்த மாடியிலும் ஒன்றை அந்த மாடியிலும் முகத்துக்கு முகம் பார்க்க வைத்தால் போதும். இங்குள்ள இணையம் அங்கே போய்விடும்.

"கம்பியே இல்லாமயா?"

"இல்லாமத்தான் சார்."

"காத்துல போகுதுங்கறீங்க."

"பெட்டிக்குப் பெட்டி நேராத் தெரியணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்."

முப்பத்தாறு வருடம் கம்பியோடு வாழ்ந்தவர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாராம். பிறகு வாங்கிக்கொண்டு வந்தார்.

பெட்டியை உயரமாக வைக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் முக்காலியில் ஏறி விளக்கு மாட்டப்போய் விழுந்ததிலிருந்து, இனி எதிலும் ஏறமாட்டேன் என்று சித்தியின் தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். ஆகவே மாடியில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த ஒரே இரும்புக் கம்பத்தில், தன் கை எட்டுகிற உயரத்தில் பூட்டினார். அம்மா வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் குழாயில். விடிந்த கையோடு அம்மா வீட்டு மாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் வெளிச்சம் தன் மாடியில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டில் பெட்டியைத் திருப்பினார். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் என் ஊரிலிருந்தே கைபேசியில் சிக்னல் எண்ணைப் படித்தேன். "கழித்தல் ஐம்பத்தாறு. ரொம்ப நல்லா இருக்கு சித்தப்பா."

"கழித்தல்னா கெட்டதில்லையா?"

"பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது. எண்பதைத் தாண்டினா அறுந்துரும்."

"ரிடையர் ஆனவன் மாதிரி. பூஜ்யமா ஆகத்தான் நல்லவன்கறாங்க."

அம்மா வீட்டில் பேசவும் கேட்கவும் வசதியுள்ள கேமரா ஒன்றை வைத்தோம். அதைக் கட்டிலைப் பார்க்க வைக்கக் கூடாது என்று சித்தி அடம்பிடித்தாள். "பொம்பளை படுக்கறதை ஊரெல்லாம் பாக்கணுமா?" நாற்காலியையும் அறையின் வாசலையும் பார்க்கிற மாதிரி வைத்தோம். சித்தி வீட்டில் அடுக்களை அலமாரியில் ஒரு திரை. என்னிடம் என் கைபேசி.

முதல் நாள் மாலை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கேமராவை முறைத்தாள்.

"ஏய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. வெங்காயம் உரிக்கிறேன்."

"அதான் மூக்கை உறிஞ்சறியா?"

"ஆமா. வெங்காயந்தான்."

திரையில் ஓரமாகச் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை அறுக்கறதுக்கு எவன் வந்தாலும் ஒண்ணும் கிடைக்காது அண்ணி" என்றார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அறுந்தது.

இணைப்பு போனால் என் கைபேசிக்கு ஒரு செய்தி வரும்படி வைத்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு முன் தானாகத் திரும்ப வந்தது. அடுத்த நாள் பத்து இருபதுக்குப் போயிற்று, பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் அலுவலகத்து ஆள். நேரத்தையெல்லாம் கட்டம் போட்டு எழுதிவைத்தேன்.

சித்தப்பா அசரவில்லை. பழுது என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. எங்கே ஆள் பேச முடியவில்லையோ அந்த முனைக்கு முதலில் போக வேண்டும். ஆகவே தினமும் பத்தேகாலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அம்மா வீட்டுக்கு ஓடினார். அங்கே மாடியில் ஏறி, பிளக்கைக் கழற்றி மாட்டினார். வயரின் முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டினார். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினார். அங்கிருந்து தன் மாடியைப் பார்த்தார். வெள்ளையாகத் தெரிந்தது. பெட்டி தெரிகிறது, பிறகென்ன என்று இறங்கினார். மத்தியானம் தானாகச் சரியானதும் அன்றைக்குச் செய்த வேலைதான் பலித்தது என்று எனக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் பத்தேகால்.

பிறகு வெயில் மேல் சந்தேகம் வந்தது. பெட்டி சூடாகிறது என்று தன் மாடியில் அதற்கு ஒரு கறுப்புக் குடையைக் கட்டினார். "கல்யாண மாப்பிள்ளை எங்க கெளம்பிட்டாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். குடையும் உதவவில்லை. பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கி மேல் சந்தேகம் வந்தது. பத்தேகாலுக்குத்தானே அங்கே இடைவேளை விடுகிறார்கள். தலைமையாசிரியையிடம் போய் ஒரு நாள் மைக்கை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். கம்பி இழுக்கவிடாத குற்ற உணர்வோ என்னவோ, அந்த அம்மாள் ஒத்துக்கொண்டார். மறுநாள் சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"மைக் இல்லாம கத்தினதுல என் தொண்டை போச்சு. உங்க லைன் வந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்ப ரெண்டு பேருக்கும் போச்சு. போய்ட்டு வாங்க."

பதினாறாம் நாள் பகல் முழுக்க மழை. அன்று ஒரு நொடிகூட அறுபடவில்லை.

"இது எந்த ஊரு நியாயம்?" என்றார் சித்தப்பா. "எங்க காலத்துல மழை பெஞ்சாத்தான் லைன் போகும். இது வெயில்ல போகுது, மழையில வருது. தலைகீழா இருக்குடா."

இருபதாம் நாள், பதினொரு மணிக்கு, இணைப்பு அறுந்திருந்த நேரத்தில், அம்மா நடைச் சட்டத்தோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சித்தப்பா வயருக்கு முனை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா கேமராவைப் பார்த்து நாற்பது நிமிடம் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறாள். அடி ஒன்றும் இல்லை. சித்தப்பா வந்து தூக்கி உட்காரவைத்தார். இதை அவர் என்னிடம் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. பழுது ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய மனிதர்.

இருபத்தேழாம் நாள் ராத்திரி, கட்டம் போட்ட தாளை அச்செடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

அம்மா பையைக் கட்டி வைத்திருந்தாள். வாயை மூட முடியாமல் ஒரு பை, மூடி ஒரு பை. நாற்காலியில் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"சாயங்காலம்தானே வண்டி?"

"ஆமாம்மா."

"சரி. நான் என்ன சொல்லப்போறேன்."

அறையில் பினாயில் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பத்து மணி வாக்கில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பெட்டியைக் கழற்ற வேண்டும், சொல்லிக்கொள்ள வேண்டும். இருவரும் மாடிக்குப் போனோம். குடைக்குக் கீழே பெட்டி உட்கார்ந்திருந்தது. சித்தப்பா கையில் திருப்புளியோடு நின்றார். கழற்றவில்லை.

"கடைசியா ஒரு தடவை எண்ணைப் பாரு."

"ஐம்பத்தாறு."

"குழந்தை மாதிரி இருக்கு பாரு. இன்னும் கால் மணியில கிறுக்கு புடிச்சிரும்."

சித்தி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு படி பின்வாங்கின மாதிரி இருந்தது. பிறகு வந்தாள். வாளியில் பிழிந்த வெள்ளை விரிப்புகள் இரண்டு. பெட்டி பூட்டியிருந்த இரும்புக் கம்பம் அந்த மாடியின் கொடிக் கம்பம். அதிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கொடி. சித்தி முதல் விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள்.

கைபேசியில் ஐம்பத்தாறு, அறுபத்து மூன்றாயிற்று.

இரண்டாவது விரிப்பை அதற்குப் பக்கத்தில், பெட்டிக்கு முன்னால் போட்டாள். எழுபத்தொன்பது. எண்பத்து நான்கு. எண் மறைந்தது.

நான் திரையைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, விரிப்பின் அடியைப் பிடித்து மேலே தூக்கினார். எண் வந்தது. விட்டார். போயிற்று. மறுபடி தூக்கினார்.

"ஈரத்துல என்ன விளையாட்டு? உங்க கைக் கறையெல்லாம் அதுல" என்றாள் சித்தி.

"ஒண்ணுமில்ல. நீ காயப்போடு."

என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அங்கிருந்து பாத்தா வெள்ளையாத் தெரியும்டா. பெட்டியும் வெள்ளை. பெட்டி தெரியுதுன்னே நினைச்சேன். மத்தியானம் நான் வரதுக்குள்ள இவ காயவெச்சு மடிச்சு எடுத்துட்டுப் போயிருப்பா."

ஈரத் துணி. இருபத்தெட்டு நாளாக ஈரத் துணி. மழையன்று வீட்டுக்குள் காயப்போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"சித்தி, தினமுமா ரெண்டு விரிப்பு துவைக்கறீங்க?"

சித்தியின் வாயில் கொடிக் கிளிப் ஒன்று இருந்தது. அதை எடுத்தாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். 

"எனக்குத்தான்டா" என்றார் சித்தப்பா.

நான் அவரைப் பார்த்தேன்.

"ராத்திரில தெரியறதில்ல. நாலஞ்சு மாசமா இப்படித்தான். வயசாச்சுல்ல." பழுது எண்ணைப் படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். ஆனால் காது இரண்டும் சிவந்துவிட்டன. "உங்க அம்மாகிட்ட சொல்லிக்காத. ஆயுசுக்கும் ஓட்டுவாங்க."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியிருப்பாரா, தெரியாது.

காற்றில் விரிப்பின் மூலை புரண்டது. அதில் சிவப்பு நூலில் ஓர் எண் தைத்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. விடுதியில் துவைக்கப் போடும் துணி மாறிப்போகக் கூடாது என்று எனக்குப் பதினேழு வயதில் அம்மா தைத்துக் கொடுத்த எண். இரண்டு கோணலாக, பன்னிரண்டு நேராக. படிப்பு முடிந்ததும் அந்த விரிப்புகளை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன்.

காலையில் காய்கறிக் கூடையோடு அம்மா வீட்டுக்குப் போய், அதே கூடையில் துணிக்கு மேல் கீரைக் கட்டைப் போட்டு மூடிச் சித்தி எடுத்து வந்திருக்கிறாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அம்மா வீட்டு மாடியில் காயப்போட்டால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் என் காதுக்கு வரும். என் காதுக்கு வந்தால் ஒரு மாதம் எதற்கு, அன்றைக்கே வந்து அழைத்துப்போயிருப்பேன். அது நிச்சயம்.

நான் எண்ணைப் பார்ப்பதைச் சித்தி பார்த்துவிட்டாள். அந்த மூலையை உள்பக்கமாக மடித்துக் கிளிப்பைப் போட்டாள்.

மைதானத்தில் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலோடு வெளியே வந்தார்கள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க சித்தப்பா" என்றேன்.

"காட்டணும்."

"ரப்பர் விரிப்புன்னு ஒண்ணு கிடைக்குது. மேல மெத்துன்னு துணி இருக்கும். வாங்கி அனுப்பறேன்."

"அனுப்பு" என்றார். கொஞ்சம் யோசித்து, "ரெண்டா அனுப்பு. ஒண்ணு காயறப்ப இன்னொண்ணு வேணும்."

"சரி."

"அப்ப லைன்?" என்றாள் சித்தி.  "லைனுக்கு என்னதான் கேடு?"

சித்தப்பா கொடிக் கம்பத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"உயரம் பத்தலை. வேற ஒண்ணுமில்ல."

"அதை எங்க அப்பா அன்னைக்கே சொன்னாரு."

இந்த நகைச்சுவையை நாங்கள் மூன்று பேரும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தோம். சித்தி முந்தின தடவைகளில் சிரித்ததே இல்லை.

இரும்புக் கடையிலிருந்து பன்னிரண்டடிக் குழாய் ஒன்று வாங்கி வந்தேன். அதைக் கொடிக் கம்பத்தோடு சேர்த்துப் பட்டை போட்டுப் பூட்டி, உச்சியில் பெட்டியை வைக்க வேண்டும். ஏணியில் நான் ஏறுகிறேன் என்றேன்.

"நீ கீழ நின்னு எண்ணைப் படி. அது போதும்."

"சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்றேன்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்க. நாலு படிக்கு மேல போனா இழுத்துக் கீழ போட்டுருவேன்."

எழுபத்தொரு வயதில் ஏறினார். ஐந்தாவது படிக்கும் போனார். ஏறுவது என்று கூடச் சொல்ல முடியாது. படிகள் அவரைத் தெரிந்தவை போல இருந்தன. உச்சியில் காற்றுக்குக் குழாய் ஆடியது. இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் துழாவி ஒரு பழைய கம்பிச் சுருளை எடுத்து வந்தார். நான் அதைத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூட மதில் மேலிருந்து அவர் சுருட்டியது. முப்பத்தெட்டு வருடம் அதே சுருட்டில் இருந்தது. மூன்று துண்டாக வெட்டி, குழாயின் கழுத்திலிருந்து மாடியின் மூன்று மூலைகளுக்கு இழுத்துக் கட்டினார். தொலைபேசிக் கம்பங்களை அப்படித்தான் நிறுத்துவார்களாம்.

"எவ்வளவு?"

"ஐம்பத்தேழு."

"ஒண்ணு கூடிருச்சே."

"பரவால்ல சித்தப்பா."

கீழே இரண்டு விரிப்புகளும் ஆடிக்கொண்டிருந்தன. பதினொன்றரை மணி. எண் அசையவில்லை.

அம்மா வீட்டுக்கு நான் போனபோது அவள் எழுந்து நின்று, சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயை மூடிய பையைத் திறந்துகொண்டிருந்தாள். சித்தி ஏற்கெனவே பேசிவிட்டிருந்தாள் போலிருக்கிறது. என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அச்செடுத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவும் இல்லை.

"உனக்கு லீவு முடிஞ்சுதாடா?" என்றாள், ஏதோ லீவுக்குத்தான் நான் வந்திருந்த மாதிரி.

"முடிஞ்சுதும்மா."

"அப்ப சாப்பிட்டுட்டுக் கெளம்பு. வண்டியைத் தவற விட்டுறாத."

இரண்டு வருடம் ஐந்து மாதம் அம்மா அந்த வீட்டில் இருந்தாள். அங்கேயே போனாள். மின்சாரம் நின்ற நேரம் தவிர இணைப்பு போகவில்லை. அடுத்த வருடம் சித்தப்பாவும் போனார். கடைசிவரை அவருக்கு அந்தக் கோளாறு எதுவும் இருந்ததில்லை என்று சித்தி ஒருநாள் தானாகவே சொன்னாள். தெரியும் சித்தி என்றேன். தெரியும்னு தெரியும் என்றாள்.

கொடிக் கம்பத்தில் குழாயும் மூன்று கம்பிகளும் இன்னும் நிற்கின்றன. சித்தி அந்தக் கம்பிகளிலும் துணி போடுகிறாள். சித்தப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அம்மா வீட்டைக் காலி செய்தபோது பரணில் கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி கிடைத்தது. சுற்றிப் பார்த்தேன். கைப்பிடி சுற்றியது. எங்கும் மணி அடிக்கவில்லை.

குழாய் நட்ட அந்தத் தடவை நான் ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் ரப்பர் விரிப்புகள் வந்து சேர்ந்திருந்தன. சித்தப்பா பேருக்கு, சித்தப்பா விலாசத்துக்குத்தான் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு பகலில், அலுவலகத்தில் வேலை ஓடாமல், கைபேசியில் அம்மாவைத் திறந்தேன். நாற்காலியில் இருந்தாள். மறுமுனையில் சித்தி வீட்டு அடுக்களை. பாத்திரச் சத்தம். பத்தரை மணி இருக்கும். நான் கேட்டுக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரியாது.

"தம்பி இருக்காரா?" என்றாள் அம்மா.

"இருக்கேன் அண்ணி."

"பையன் ஏதோ அனுப்பியிருந்தானாமே உங்களுக்கு. எப்படி இருக்கு?"

ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கு அண்ணி" என்றார் சித்தப்பா. "மெத்துன்னு இருக்கு. உறுத்தல."

"உறுத்தலை, இல்ல?" என்றாள் அம்மா. "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."